அப்பாவின் பேச்சை மூளை அலையிலிருந்து எடுக்க முடியுமா?

கேள்வி: தண்டையார்பேட்டையில் இருக்கிறோம். அப்பாவுக்கு 61 வயது. காசிமேட்டில் விசைப்படகு இன்ஜின் மெக்கானிக். எட்டு மாதத்துக்கு முன்னால் ஸ்ட்ரோக் வந்தது. மூளையின் இடது பக்கத்தில் அடைப்பு என்றார்கள். இப்போது பிடித்துக்கொண்டு நடக்கிறார். வலது கை சரியாக வரவில்லை. பேச்சு அடியோடு போய்விட்டது. எதைக் கேட்டாலும் "அதான்… அதான்…" என்றுதான் வருகிறது. நாங்கள் சொல்வது பெரும்பாலும் அவருக்குப் புரிகிறது. ஆனால் என் தம்பி பழைய கானா பாட்டு ஒன்றை ஆரம்பித்தால் கூடவே இரண்டு வரி தெளிவாகப் பாடிவிடுகிறார். அப்படியென்றால் வார்த்தையெல்லாம் உள்ளேதானே இருக்கிறது? ஸ்ட்ரோக்கால் பேச முடியாத ஓர் அமெரிக்கப் பெண், மூளை அலை மூலமாகக் கம்ப்யூட்டரில் பேசும் வீடியோ வாட்ஸ்அப்பில் வந்தது. பக்கத்துத் தெருவில் இன்ஜினியரிங் கடைசி வருடம் படிக்கும் பையன், ஒரு ஹெட்செட்டை இரவல் வாங்கி வந்து அப்பா தலையில் மாட்டி ஐந்து வார்த்தைகளைப் பதிவு செய்தான். 92 சதவீதம் சரியாகக் கண்டுபிடிக்கிறது என்கிறான். அதே மாதிரி ஹெட்செட் விற்பவர் 85,000 ரூபாய் கேட்கிறார். அம்மா அடகு வைக்க வளையலைக் கழற்றிக் கொடுத்துவிட்டார். வாங்கலாமா? அப்புறம், அப்பா மனதில் நினைப்பதெல்லாம் மெஷினில் வந்துவிடுமோ என்று அம்மாவுக்கு ஒரு பயமும் இருக்கிறது.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

வளையல் அம்மா கையிலேயே இருக்கட்டும். அந்த ஹெட்செட் வேண்டாம். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஒரே வரியில் முடித்துவிட்டால் அடுத்த மாதம் வேறு ஒரு வீடியோ வரும், வேறு ஒருவர் வேறு விலை சொல்வார்.

நான் ஸ்பீச் தெரபிஸ்ட். ஸ்ட்ரோக்குக்குப் பிறகு பேச்சை இழந்தவர்களோடுதான் என் வேலை. நீங்கள் பார்த்த வீடியோவை என்னிடம் காட்டாத குடும்பம் குறைவு. அது பொய் வீடியோ இல்லை. அதில் வருபவர் பெயர் ஆன். அவர் கனடாக்காரர்; ஆராய்ச்சி நடந்ததுதான் அமெரிக்காவில், சான் பிரான்சிஸ்கோவில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில். 2005-இல், 30 வயதில், அவருக்கு ஸ்ட்ரோக் வந்தது. உடம்பு செயலிழந்தது, பேச்சு முழுவதும் நின்றது. பல வருடம் கழித்து மண்டையைத் திறந்து, 253 எலக்ட்ரோடுகள் கொண்ட காகிதம் போன்ற மெல்லிய தகடு ஒன்றை மூளையின் மேற்பரப்பில் வைத்தார்கள். தலையில் பொருத்திய ஒரு இணைப்பிலிருந்து கேபிள் கம்ப்யூட்டருக்குப் போகும். வாரக் கணக்கில் அவர் பயிற்சி செய்தார். 2023-இல் முடிவு வெளியானது: நிமிடத்துக்கு 78 வார்த்தை. சுமார் ஆயிரம் வார்த்தைகள் கொண்ட பட்டியலில், நான்கில் ஒரு வார்த்தை தப்பாக வந்தது. குரலைக்கூட அவருடைய பழைய கல்யாண வீடியோவிலிருந்து எடுத்து மறுபடி உருவாக்கினார்கள். இதைப் பார்த்து நீங்கள் நம்பிக்கை கொண்டதில் தப்பே இல்லை.

"அவருக்கும் ஸ்ட்ரோக், எங்கள் அப்பாவுக்கும் ஸ்ட்ரோக்" என்று நினைக்கும் இடத்தில்தான் சிக்கல். ஸ்ட்ரோக் எங்கே வந்தது என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. ஆனுக்கு அடிபட்டது மூளைத் தண்டு, அதாவது மூளை கழுத்தோடு சேரும் பகுதி. அவருக்கு மொழி அப்படியே இருந்தது. என்ன சொல்ல வேண்டும், எந்த வார்த்தை, எந்த எழுத்துக்கு அடுத்து எந்த எழுத்து, நாக்கை எங்கே தொட வேண்டும், உதட்டை எப்போது மூட வேண்டும் என்று எல்லாக் கட்டளையும் மேல்மூளையில் ஒழுங்காக உருவானது. கீழே வாய்க்குப் போகும் வழி மட்டும் துண்டித்துப் போயிருந்தது. அந்தத் தகடு படித்தது அவருடைய எண்ணத்தை இல்லை. வாயை அசைக்கச் சொல்லும் கட்டளையை. ஒவ்வொரு முறையும் அவர் மனதார வாயசைத்துப் பேச முயல வேண்டும். அந்த முயற்சியைத்தான் கம்ப்யூட்டர் வார்த்தையாக்கியது.

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் பிரிவில் இன்னொருவருக்கு 256 எலக்ட்ரோடுகளோடு இதைச் செய்தார்கள்; முடிவு 2024-இல் வெளியானது. ஒன்றேகால் லட்சம் வார்த்தைப் பட்டியலில் 97 சதவீதத்துக்கு மேல் சரியாக வந்தது. அவருக்கு இருந்தது தசைகளுக்குக் கட்டளை கொண்டுபோகும் நரம்பு செல்கள் மெல்ல அழியும் நோய். மொழிக்கு ஒன்றும் ஆகவில்லை.

உங்கள் அப்பாவுக்கு அடைப்பு வந்தது இடது பக்கத்தில். பெரும்பாலானோருக்கு மொழி இருப்பதே அங்கேதான். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் இது அஃபேசியா, அதாவது மூளை அடிபட்டதால் மொழி பாதிக்கப்படும் நிலை. புரிந்துகொள்வது ஓரளவு நன்றாக இருந்து, சொல்வது மட்டும் முடங்கிப்போன வகை. வார்த்தையைத் தேடி எடுத்து ஒலிகளை வரிசைப்படுத்தும் இடமே அடிபட்டிருக்கிறது. நேரில் சோதித்துத்தான் உறுதியாகச் சொல்ல முடியும், ஆனால் அந்த "அதான்" எனக்குப் பழக்கமான அடையாளம். பாரிஸில் லெபோர்ன் என்று ஒரு நோயாளி இருந்தார். எதைக் கேட்டாலும் "டான், டான்" என்பதுதான் அவர் பதில். 1861-இல் அவர் இறந்ததும் மூளையைப் பரிசோதித்த மருத்துவர் பால் புரோக்கா, இடது முன்பகுதியில் சேதத்தைக் கண்டார். பேச்சு மூளையில் ஒரு குறிப்பிட்ட பகுதியைச் சார்ந்தது என்று மருத்துவம் நம்ப ஆரம்பித்தது அந்த ஒரு "டான்" மனிதரால்தான்.

ஆக, ஆனிடம் தகடு எடுத்துக்கொண்ட அந்தக் கட்டளை, உங்கள் அப்பா மூளையில் சரியாக உருவாவதிலேயே தடங்கல். மண்டையைத் திறந்து வைத்தாலும் இதுதான் நிலைமை. வெளியே மாட்டும் ஹெட்செட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இருந்தாலும் சொல்கிறேன், ஏனென்றால் விற்பவர் அதைத்தான் விற்கிறார்.

மனித மூளை அலையைத் தலைக்கு வெளியே முதன்முதலில் பதிவு செய்தவர் ஜெர்மனியின் ஹான்ஸ் பெர்கர், 1924-இல். அந்தப் பதிவுக்குப் பெயர்தான் இஇஜி. நூறு வருடம் ஆகிவிட்டது. வலிப்பு நோயைக் கண்டுபிடிக்கவும் தூக்கத்தைப் பார்க்கவும் இஇஜி இன்றைக்கும் அருமையான கருவி. பேச்சுக்கு ஏன் உதவவில்லை? காசிமேட்டில் விடியற்காலை மீன் ஏலம் நடக்கும்போது மதிலுக்கு வெளியே ரோட்டில் நின்று கேளுங்கள். கூட்டம் சூடு பிடித்துவிட்டதா, ஓய்ந்துவிட்டதா என்று தெரியும். எந்த அக்கா வஞ்சிரத்துக்கு என்ன விலை கேட்டார் என்று தெரியாது. மண்டையோடுதான் அந்த மதில். உள்ளே லட்சக்கணக்கான செல்கள் போடும் சத்தம் வெளியே வரும்போது ஒன்றாகக் கலந்து, 10 முதல் 100 மைக்ரோவோல்ட் அளவுக்குத் தேய்ந்துவிடுகிறது. மைக்ரோவோல்ட் என்றால் ஒரு வோல்ட்டில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. பேச்சு அசைவை நுணுக்கமாகக் காட்டுவது வினாடிக்கு 70 முதல் 150 முறை துடிக்கும் வேகமான அலைகள். அவைதான் மண்டையோட்டைத் தாண்டுவதற்குள் ஏறக்குறைய காணாமல் போகின்றன. போதாததற்கு, அதே வேகத்தில்தான் தாடை, நெற்றி, கழுத்துத் தசைகளும் மின்சாரத்தைக் கொட்டுகின்றன. மூளையைவிடப் பல மடங்கு பலமாக.

இதை விற்பவர் எதிரிலேயே சோதிக்கலாம். ஹெட்செட்டை அவர் தலையிலேயே மாட்டச் சொல்லுங்கள். திரையில் அலை ஓடும்போது பல்லைக் கடிக்கச் சொல்லுங்கள், கண்ணைச் சிமிட்டச் சொல்லுங்கள். அலை எகிறுவதைப் பார்ப்பீர்கள். "வார்த்தையைக் கண்டுபிடிக்கிறது" என்று காட்டும் பல டெமோக்களில் உண்மையில் வேலை செய்வது இந்தத் தாடைதான். தாடை அசைவை வைத்து ஒரு பட்டனை இயக்குவது நியாயமான வேலைதான், கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாதவர்களுக்கு அது பெரிய உதவி. உங்கள் அப்பாவுக்கு இடது கை முழுதாக இருக்கிறதே! பத்து ரூபாய் நோட்டுப் புத்தகத்தில் ஒரு படம் வரைந்தால் அதை விரலால் காட்டிவிடுவார்.

இப்போது அந்தப் பையனின் 92 சதவீதத்துக்கு வருகிறேன். அவன் உங்களை ஏமாற்றவில்லை. பெரிய ஆராய்ச்சிக்கூடங்களே விழுந்த பள்ளத்தில் அவனும் விழுந்திருப்பான் என்று நினைக்கிறேன். அவனிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: வார்த்தைகளை எந்த வரிசையில் பதிவு செய்தாய்? அநேகமாக "தண்ணி" என்பதை வரிசையாக ஐம்பது தடவை, அப்புறம் "சாப்பாடு" ஐம்பது தடவை, அப்புறம் "வலி" என்று போயிருப்பான். சின்ன பசங்க எல்லாருக்கும் அதுதான் வசதி.

அப்படிச் செய்தால் என்ன ஆகும்? "தண்ணி" பதிவாகும்போது அப்பா புதுசாக உட்கார்ந்திருக்கிறார், ஆர்வமாக இருக்கிறார். "வலி" வரும்போது அரை மணி ஆகியிருக்கிறது, தூக்கம் சொக்குகிறது, நெற்றி வியர்த்து எலக்ட்ரோடு கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. தூக்கம் வந்தாலே மூளை அலை மாறும். கம்ப்யூட்டர் இந்த மாற்றத்தைப் பிடித்துக்கொள்கிறது. அது கண்டுபிடித்தது வார்த்தையை இல்லை, அந்தப் பதிவு எத்தனையாவது நிமிடத்தில் நடந்தது என்பதை. அதற்குப் பிறகு பயிற்சிக்கு எடுத்த பதிவும் பரீட்சைக்கு எடுத்த பதிவும் அதே உட்காரலில் பக்கத்துப் பக்கத்து விநாடியில் எடுத்தவையாக இருந்தால், பரீட்சைத் தாள் முன்கூட்டியே கையில் கிடைத்த மாதிரி. 92 வரத்தான் செய்யும்.

இது என் கற்பனை இல்லை. 2009-இல் ஜெர்மனியில் ஐந்து வார்த்தைகளை வைத்து ஓர் ஆய்வு நடத்தினார்கள். ஒவ்வொரு வார்த்தையையும் மொத்தமாக ஒரே தொகுப்பாகப் பதிவு செய்தபோது சராசரியாக 45.5 சதவீதம் சரி. அதே வார்த்தைகளைக் கலந்து பதிவு செய்தபோது, கண்ணை மூடிக்கொண்டு சீட்டு எடுத்தால் எவ்வளவு வருமோ அவ்வளவுதான் வந்தது. ஐந்தில் ஒன்று, 20 சதவீதம்.

இன்னொன்றும் அவனிடம் சொல்லுங்கள். மூளை அலையிலிருந்து முழு வாக்கியத்தையே எழுதுகிறோம் என்று அண்மையில் சில ஆய்வுகள் வந்தன. 2024-இல் வேறு சிலர் அதே கம்ப்யூட்டர் மாடலுக்கு மூளை அலைக்குப் பதிலாக வெறும் இரைச்சலைக் கொடுத்துப் பார்த்தார்கள். மதிப்பெண் ஏறக்குறைய அதேதான். சோதிக்கும்போது முந்தின சரியான வார்த்தையைக் கூடவே காட்டிக்கொண்டு வந்ததால், அடுத்த வார்த்தையை மொழிப் பழக்கத்தை வைத்தே அது ஊகித்திருக்கிறது. ஆகவே அந்தப் பையன் ஐந்து வார்த்தைகளையும் சீட்டுக் குலுக்கிய மாதிரி கலந்து பதிவு செய்யட்டும். இன்றைக்குப் பழக்கியதை இன்னொரு நாள் பதிவில் சோதிக்கட்டும். வார்த்தைப் பெயர்களை வேண்டுமென்றே மாற்றி ஒட்டி ஒரு தடவை ஓட்டட்டும். அப்போதும் 92 வந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது. இவ்வளவையும் தன் மேலேயே செய்து பார்க்கட்டும், அப்பாவை விட்டுவிடட்டும். 92 இருபதாக இறங்கினால் அதையே பிராஜெக்ட் ரிப்போர்ட்டில் எழுதலாம். என்னைக் கேட்டால், 92 என்று எழுதும் ரிப்போர்ட்டைவிட அதுதான் மேல்.

கானா பாட்டு விஷயம். கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது, ஆனால் நீங்கள் நினைக்கும் அர்த்தம் அதற்கு இல்லை. நெடுநாள் பழகிய பாட்டு, ஒன்று முதல் பத்து வரை எண்ணுவது, சாமி பாட்டு, ஏன், கெட்ட வார்த்தைகூட, வேறு வழியில் வருகின்றன. மெட்டோடு சேர்ந்து மொத்தமாக மனப்பாடமாகிக் கிடப்பவை அவை. அதில் வலது மூளைக்கும் பங்கு இருக்கிறது. அந்தப் பாட்டில் "தண்ணி" என்று ஒரு வார்த்தை வந்தால்கூட, தாகம் எடுக்கும்போது அதை மட்டும் தனியாக எடுத்துச் சொல்ல அவரால் முடியாது. இதைப் பார்த்துவிட்டு "மனசு வைத்தால் பேசுவார், வேணும்னே செய்கிறார்" என்று உறவுக்காரர்கள் யாராவது சொல்லியிருப்பார்கள். தயவுசெய்து அவர்களுக்கு இதை எடுத்துச் சொல்லுங்கள்.

ஆனாலும் அந்தப் பாட்டு எங்களுக்கு ஒரு கதவு. மெட்டு வழியாகப் பேச்சைப் பழக்கும் முறை ஒன்று 1970-களில் அமெரிக்காவின் பாஸ்டனில் உருவானது. தினமும் தேவைப்படும் சின்னச் சொல், "டீ குடு", "வெளியே போலாம்" மாதிரி, இரண்டே ஸ்வரத்தில் ஏற்றி இறக்கிப் பாட வேண்டும். ஒவ்வொரு அசைக்கும் அவருடைய இடது கையால் தொடையில் தட்ட வேண்டும். முதலில் சேர்ந்து பாடுவோம், பிறகு பாதியில் நாம் நிறுத்திக்கொள்வோம், போகப் போக மெட்டைக் குறைத்துப் பேச்சுக்குக் கொண்டுவருவோம். எல்லாருக்கும் பலிக்காது. பலித்தாலும் பழகிய சொற்றொடர்கள்தான் முதலில் நன்றாக வரும், புதுப் பேச்சு மெதுவாகத்தான். உங்கள் அப்பா மாதிரி புரிதல் நன்றாக இருந்து, பாட்டும் வருகிறவர்களிடம் முயன்று பார்க்காமல் விடவே கூடாது. வடசென்னையில் கானா தெரிந்த நோயாளி கிடைத்தால் எனக்குப் பாதி வேலை மிச்சம்.

எட்டு மாதம் ஆகிவிட்டதே என்று கவலைப்படாதீர்கள். முதல் மூன்று மாதத்தில் முன்னேற்றம் வேகமாக இருக்கும் என்பது உண்மை. அதற்குப் பிறகு கதவு மூடிவிடுகிறது என்பது உண்மை இல்லை. வருடங்கள் கழித்தும் பயிற்சியால் பலன் பெற்றவர்கள் உண்டு.

அம்மாவின் பயத்துக்கு வருகிறேன். இந்த ஹெட்செட்டால் அப்பா மனதிலிருந்து ஒரு வார்த்தையைக்கூட எடுக்க முடியாது, நிம்மதியாகத் தூங்கச் சொல்லுங்கள். ஆனால் அம்மா கேட்டது அசட்டுக் கேள்வி இல்லை. அமெரிக்காவின் டெக்சாஸில் 2023-இல் எம்ஆர்ஐ ஸ்கேனில் படுக்கவைத்து, ஒருவர் கேட்கும் கதையின் சாரத்தை எழுத்தாக்கினார்கள். அதற்கு ஒவ்வொருவரும் 16 மணி நேரம் ஸ்கேனுக்குள் கதை கேட்க வேண்டியிருந்தது. ஒருவர் மூளையில் பழக்கியது இன்னொருவருக்கு உதவவில்லை. மனதுக்குள் வேறு எதையாவது நினைத்தாலே முடிவு குழம்பிவிட்டது. 2025-இல் மூளைக்குள் எலக்ட்ரோடு வைத்திருக்கும் சிலரிடம், வாயசைக்க முயலாமல் மனதுக்குள் சொல்லும் வாக்கியங்களையும் ஓரளவு படித்தார்கள். நினைப்பதெல்லாம் வெளியே வரக் கூடாதே என்று, ஒரு ரகசியச் சொற்றொடரை மனதுக்குள் சொன்னால் மட்டுமே கருவி திறக்கும்படி பூட்டும் போட்டார்கள். நம் நாட்டிலும் 2010-இல் செல்வி வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒருவர் சம்மதம் இல்லாமல் அவர்மீது மூளை அலைச் சோதனை நடத்தக் கூடாது என்று தீர்ப்பளித்திருக்கிறது. அது குற்ற விசாரணை பற்றியது. வீட்டுக்குள்ளும் அதே மரியாதை அப்பாவுக்கு வேண்டும். அவர் தலையில் மாட்டுமுன் அவரிடம் கேட்டார்களா? தலையசைத்துச் சொல்ல அவரால் முடியும்.

சரி, வீட்டில் என்ன செய்வது? முதலில் டிவியை நிறுத்திவிட்டுப் பேசுங்கள். சின்ன வாக்கியம், ஒரு நேரத்தில் ஒரே ஆள். கேட்டுவிட்டுப் பத்து விநாடியாவது காத்திருங்கள். அவர் தேடும்போது நடுவில் புகுந்து முடித்துவைக்காதீர்கள். ஆனால் குழந்தையிடம் பேசுவது மாதிரி கொஞ்சிப் பேச வேண்டாம், முப்பது நாற்பது வருடம் இன்ஜினைப் பிரித்துப் பூட்டிய மனிதர் அவர். "ஆமாம்", "இல்லை" என்பதை அஃபேசியாவில் மாற்றி மாற்றிச் சொல்வது சகஜம். அதனால் முக்கியமான விஷயத்தை இரண்டு பக்கமும் கேளுங்கள்: "டீ வேணுமா?" என்று ஒரு தடவை, "டீ வேணாமா?" என்று ஒரு தடவை. பதில் ஒத்துப்போகிறதா பாருங்கள். பேப்பரில் இரண்டு வார்த்தையைப் பெரிதாக எழுதி விரலால் காட்டச் சொல்லுங்கள். படிக்கத் திணறினால் படம். கடையில் விற்கும் ஆப்பிள், யானைச் சார்ட் வேண்டாம். அவருடைய மாத்திரை அட்டை, அவருடைய லுங்கி, அவர் டீ குடிக்கும் கடை, ஹார்பர் வாசல், அவருடைய ஸ்பேனர் பெட்டி, கூட வேலை பார்த்தவர்கள் முகம் என்று உங்கள் போனிலேயே எடுங்கள். பிறகு தேவைப்பட்டால், சென்னையிலேயே உருவான அவாஸ் என்ற செயலி இருக்கிறது. படத்தைத் தொட்டால் பேசும், தமிழிலும் வருகிறது.

அவர் தட்டைத் தள்ளிவிடுவது, யாரோடும் உட்காராமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வது மாதிரி ஏதாவது இருந்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். ஸ்ட்ரோக் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. வாய் பேச முடியாதவரால் அதைச் சொல்லவும் முடியாது. பிரஷர் மாத்திரையை "நல்லாத்தானே இருக்கார்" என்று நிறுத்திவிடாதீர்கள்.

பயிற்சிக்கு நீங்கள் தூரம் போக வேண்டியதில்லை. ஸ்டான்லி அரசு மருத்துவமனை உங்களுக்குப் பக்கம். நரம்பியல் பிரிவில் காட்டி, பேச்சுப் பயிற்சிக்கு எழுதித் தரும்படி நீங்களே கேளுங்கள். கேட்காவிட்டால் கை, கால் பயிற்சியோடு சீட்டு முடிந்துவிடும். வலது கைக்கு மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருகிறார்கள். தனியாரிடம் போனால், அந்தத் தெரபிஸ்ட் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்தவரா என்று கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம். அஃபேசியாவால் நிரந்தரமாக வரும் பேச்சு, மொழிக் குறைபாடு 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இடம்பெற்றிருக்கிறது. கைக்கு மட்டும் சான்றிதழ் வாங்கிவிட்டுப் பேச்சை விட்டுவிடுகிறவர்கள் பலர்.

முதல் நாள் போகும்போது டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன் ரிப்போர்ட், மாத்திரைச் சீட்டு, அவருடைய கண்ணாடி எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். அதோடு ஒரு வாரம் அந்த "அதான்" எப்படியெல்லாம் வருகிறது என்று போனில் பதிவு செய்யுங்கள். கோபத்தில் ஒரு மாதிரி, பசியில் ஒரு மாதிரி, உங்கள் அம்மாவைக் கூப்பிடும்போது வேறு மாதிரி இழுப்பார். எது எதற்கு என்று பக்கத்தில் எழுதிக்கொண்டு போனால், பார்ப்பவருக்கு எங்கே ஆரம்பிப்பது என்று உடனே தெரிந்துவிடும்.